அரிய பெயர், இருவருக்கும் பிடித்த பெயர்: மகளுக்குப் பெயர் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் மாதத்தில் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் என் கையெழுத்தில் 14 பெயர்கள், வலப்பக்கம் கணவர் கையெழுத்தில் 11. எட்டாம் மாதம் முடிவதற்குள் எல்லாமே அடிபட்டுப்போயின. என்னுடையதை அவர் அடித்தார், அவருடையதை நான் அடித்தேன். இருவருமே எழுதியிருந்த ஒரே பெயர் ‘யாழினி’. அதைச் சேர்ந்தே அடித்தோம். தெரிந்த வட்டத்திலேயே மூன்று யாழினிகள் இருந்தார்கள்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறை எப்படித் தேடினோம், எதில் சறுக்கினோம், எது கைகொடுத்தது என்பதுதான் இந்த வழிகாட்டி. மகளுக்கு வைத்த பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. படித்துவிட்டு நாலு பேர் வைத்துவிட்டால் அது அரிய பெயராக இருக்காதே!

முதல் படி: பெயர்களைப் பேசாமல் காதுகளைப் பேசுங்கள்

நாங்கள் செய்த முதல் தவறு, பெயர்களை எடுத்த எடுப்பில் மேசையில் வைத்தது. ஒருவர் ஆசையாகச் சொன்ன பெயரை மற்றவர் ‘ம்ஹும்’ என்றதும் அது பெயர்ப் பேச்சாக இல்லாமல் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. அதனால் ஒரு மாலை முழுக்க எந்தப் பெயரையும் முன்மொழியக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். பேச வேண்டியவை வேறு. எத்தனை எழுத்து வரை சரி? ஷ, ஜ, ஸ வரலாமா? தெய்வப் பெயர் வேண்டுமா, வேண்டாமா? எந்த ஒலியில் முடிந்தால் காது கூசுகிறது? பழைய மேலதிகாரி, பள்ளியில் அடித்த தோழி, மறக்க விரும்பும் யாரோ ஒருவர் என எந்தப் பெயர்கள் ஏற்கெனவே கறைபட்டவை? கடைசிக் கேள்விக்குக் காரணம் கேட்கக் கூடாது. அது வேறு சண்டை.

அன்றுதான் தெரிந்தது, யாழினியைத் தவிர அவருக்கு ‘னி’ என்று முடியும் எந்தப் பெயரும் பிடிக்காது. மகிழினி, இதழினி, எழிலினி என்று நான் எழுதியிருந்த பாதிப் பட்டியல் அந்த ஒரே காரணத்துக்காகத்தான் விழுந்திருக்கிறது. அவரும் அதை உணரவில்லை, ‘பொருள் சரியில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான். பொருள்தான் முக்கியம் என்று வாதாடியவள் நான். ஆனால் எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது மெல்லின எழுத்தில் தொடங்கும் பெயர். பெரும்பாலான பெயர்ச் சண்டைகள் காதில் தொடங்கி அகராதியில் போய் ஒளிந்துகொள்கின்றன.

இரண்டாம் படி: ‘அரிது’ என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்

இந்தச் சொல்லை ஆளுக்கு ஒரு பொருளில் சொல்லிக்கொண்டிருப்போம். புதிதாக உருவாக்கிய பெயர் ஒரு வகை. வழக்கிலிருந்து மறைந்த பழம்பெயர் இன்னொரு வகை. தினமும் படிக்கிற, கேட்கிற சொல், ஆனால் பெயராக யாரும் எடுக்காதது மூன்றாவது. நான்காவது, எல்லோரும் வைக்கும் பெயருக்கே நடுவில் ஒரு ‘ஷ்’ சேர்ப்பதும் ஆங்கில எழுத்தில் ஒரு ‘எச்’ கூட்டுவதும். நான்காவதை அரிது என்று நான் ஒப்ப மாட்டேன். வாழ்நாள் முழுக்க ‘நடுவுல ஒரு எச் வரும்’ என்று திருத்திக்கொண்டே இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

இருவரின் பெயரிலும் பாதி பாதி வெட்டி ஒட்டுவது முதல் வகையில் சேரும். பத்தில் ஒன்பது முறை அது மருந்துப் பெயர் மாதிரி வந்து நிற்கும். பத்தாவது முறை நன்றாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

என் கட்சி மூன்றாவது வகை. ஓசை வாய்க்குப் பழகியதாக இருக்க வேண்டும், பெயராகக் கேட்கும்போது மட்டும் புதிதாக இருக்க வேண்டும். கேட்டவர் முதல் தடவையே திருப்பிச் சொல்வார், ஆனால் ‘இப்படி ஒரு பெயரா!’ என்பார்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

இணையப் பட்டியல்களில் தேடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் அங்கேதான் தேடுகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே ‘அரிய பெயர்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவைதான் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு இரண்டாக உட்கார்ந்திருக்கும்.

எங்களுக்குப் பெரிய புதையலாக இருந்தது குறிஞ்சிப்பாட்டு. கபிலர் பாடியது, 261 அடிகள். நீராடிவிட்டுத் தலைவியும் தோழியும் பறித்து வந்து பாறையில் குவித்த பூக்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் 99 பூப்பெயர்கள் வருகின்றன. காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று தொடங்கி ஓடும். அந்தப் பகுதியை இருவரும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். இது அழகுக்காகச் சொல்வதில்லை. கண்ணால் படித்தால் எல்லாமே ஒன்றுபோல் இருக்கும், வாயால் படிக்கும்போது எந்த இடத்தில் துணைவர் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். அவர் ‘அதிரல்’ என்ற இடத்தில் நின்றார். நான் ‘மௌவல்’, ‘ஞாழல்’ இரண்டிலும் நின்றேன். அதிரல் காட்டுமல்லிகை, மௌவலும் மல்லிகை வகை, ஞாழல் புலிநகக்கொன்றை. கருவிளை, செருவிளை என்று ஒரு ஜோடியும் உண்டு. நீலமும் வெள்ளையுமான சங்குப்பூக்கள். இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் பார்க்கவில்லை.

அடுத்து, சங்கப் பாடல்களைப் பாடிய பெண்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தெரிவதென்னவோ ஔவையார் மட்டும். அள்ளூர் நன்முல்லை, கச்சிப்பேட்டு நன்னாகை, நக்கண்ணை, குறமகள் இளவெயினி, வெள்ளிவீதி, ஆதிமந்தி என்று அந்த வரிசை நீளும். இதில் ‘நன்’, ‘ந’ என்ற முன்னொட்டைக் கவனியுங்கள். நக்கீரர், நப்பின்னை, நச்செள்ளை எல்லாவற்றிலும் இருப்பது அதுவேதான், ‘நல்ல’ என்ற அன்பும் மதிப்பும். முல்லை நாலு வீட்டில் இருக்கலாம், நன்முல்லை இருக்காது. பழகிய பெயரை அரிதாக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் நச்செள்ளையை இன்று வைத்தால் ‘நச்சு’தான் காதில் விழும். எல்லாப் பழமையும் திரும்பி வந்துவிடாது.

காப்பியங்களில் தலைவியரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். மணிமேகலையின் தோழி சுதமதி, மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பற்றிச் சொல்லும் தீவதிலகை, சிலப்பதிகாரத்தில் இடைக்குல மாதரியின் மகள் ஐயை. அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட ஆதிரையும் ஒருகாலத்தில் இந்த வரிசையில்தான் இருந்தாள். இப்போது பள்ளி வருகைப் பதிவேடுகளுக்கு வந்துவிட்டாள்.

கல்வெட்டு ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு இடம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிப் பாடிய பெண்கள்) 400 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சேரமங்கை மாதிரி இன்றும் வைக்கக்கூடியவை உண்டு. எடுத்தபாதம் மாதிரி, ரசித்துவிட்டு நகர வேண்டியவையும் உண்டு.

இதெல்லாம் கனம் என்றால் பாட்டிமார் பெயர்கள் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரப் பெண்கள் பெயரையெல்லாம் கேட்டு எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பெயர் வரும். அதில் ஒன்றிரண்டாவது மறுபடி துளிர்க்கக் காத்திருக்கும்.

நான்காம் படி: பொருளை அகராதியில் பாருங்கள், இரண்டாவது பொருளையும் பாருங்கள்

பெயர்ப் பட்டியல்களில் பொருள் தெரியாத பெயருக்கெல்லாம் ‘அழகு’, ‘இறைவனின் பரிசு’, ‘ஒளி’ என்ற மூன்றில் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். நம்ப வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன, இணையத்திலேயே தேடலாம். இன்றைய வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இரண்டிலும் பாருங்கள். முதலாவது அந்தச் சொல் என்னவாக இருந்தது என்று சொல்லும், இரண்டாவது இன்று காதில் என்னவாக விழுகிறது என்று சொல்லும்.

எங்கள் பட்டியலில் இந்தப் படியில் விழுந்தவற்றைச் சொல்கிறேன்.

அலர். மலர்ந்த பூ. மூன்றே எழுத்தில் முடிகிறது, அழகு. ஆனால் அகப்பாடல்களில் அலர் என்றால் ஊர் வாய், காதலைப் பற்றி ஊரார் தூற்றும் பேச்சு. திருக்குறளில் ‘அலரறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தமிழாசிரியர் வகுப்பில் அதை நடத்தும் அன்று அந்தப் பெண் எங்கே பார்ப்பாள்?

செம்மல். பெருமைக்குரியவர் என்ற பொருளில் நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். அரும்பு, முகை, போது, மலர், வீ என்று பூவின் பருவங்களைச் சொல்லும்போது செம்மல் கடைசியில் வரும், வாடி உதிர்ந்த நிலை.

வஞ்சி. கொடி, பெண், சேரர் தலைநகர். கூடவே ‘வஞ்சித்தல்’. குவளை கவிதையில் கண், சமையலறையில் தண்ணீர் குடிக்கும் பாத்திரம்.

எழினி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தேடிப் பார்த்தால் அதியமான் மரபில் ஆண்களுக்கு வழங்கிய பெயர். இன்னொரு பொருள் திரைச்சீலை. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று நாடக அரங்கின் மூன்று வகைத் திரைகள் சிலப்பதிகாரத்தில் வருகின்றன. பெண்ணுக்கு வைக்கக் கூடாதா? வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். தெரிந்து வைப்பதும் பட்டியலில் ‘அழகானவள்’ என்று போட்டிருந்ததை நம்பி வைப்பதும் வேறு வேறு. (எங்கள் வீட்டில் அது ‘னி’யில் விழுந்தது, திரையில் அல்ல.)

அகராதியில் இல்லாத பொருளும் உண்டு. பாரியின் மகளிர் என்று மட்டுமே சங்கப் பாடல் சொல்கிறது. அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால வழக்கு. 2007-ல் ஒரு படத்தில் நகைச்சுவைக் காட்சி ஒன்று வந்தது, அதன்பின் அந்தப் பெயர்களைச் சொன்னாலே சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் கோபம்தான். ஆனால் என் கோபத்தைச் சுமக்க வேண்டியது பிள்ளை என்பதால் அந்தப் பெயர்களை விட்டுவிட்டோம்.

ஐந்தாம் படி: உருபு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்

இந்த ஒரு படியை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தமிழில் பெயர் தனியாக நிற்பதே இல்லை. ஒரு நாளில் நூறு முறை அதற்கு வால் முளைக்கும். ‘-ஐக் கூப்பிடு’, ‘-க்குச் சாப்பாடு கொடு’, ‘-ஓட புத்தகம்’, ‘-கிட்ட சொல்லு’. பட்டியலில் மின்னுகிற பெயர் இங்கே வந்து சொதப்பும்.

அனிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, எழுதும்போதே நடந்துவிட்டது. ‘அனிச்சம்’ என்று இருந்தது ‘அனிச்சத்தை’ ஆகிவிட்டது. ‘அனிச்சத்துக்குக் காய்ச்சல்’ என்றால் பிள்ளைக்கா, செடிக்கா? -அம் என்று முடியும் பெயர்கள் எல்லாம் இப்படித்தான். மரகதம், கனகம், பாக்கியம், பங்கஜம் என்று நம் பாட்டிமார் இந்த முடிவோடு நன்றாகவே வாழ்ந்தார்கள் என்பது உண்மை. அதனாலேயே இன்று -அம் முடிவு அறுபது வயதைக் கூட்டிவிடுகிறது. அது பிடிக்கும் என்றால் தாராளமாக வையுங்கள், பிடவம், தளவம் என்று வரிசையாக இருக்கின்றன.

ல், ள், ர் என்று முடிந்தால் பேச்சில் ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். கயல் வீட்டுக்குள் கயலு. ஆம்பல் நிச்சயம் ஆம்பலு. ‘ஐ’ முடிவு வேற்றுமையில் நன்றாக வளையும், ஆனால் கூப்பிடும்போது ‘ஏ’ ஆகும்: ‘ஆதிரே!’ இகரம்தான் எல்லாவற்றையும் தாங்கும். கூப்பிட நீட்டலாம், உருபு சேர்த்தாலும் உடையாது. பெண் பெயர்களில் இத்தனை ‘இ’ இருப்பது சும்மா இல்லை.

செல்லப்பெயர் எப்படியும் வரும். நீங்கள் வைக்காவிட்டால் பள்ளி வைக்கும். முதல் எழுத்துகளைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். எனக்குப் பிடித்த மௌவல் இங்கேதான் செத்தது. சுருக்கினால் ‘மௌ’. ‘மியாவ்’ ஆக எத்தனை நாள் ஆகும்?

ஆறாம் படி: இனிஷியலோடு

ஒரே நிமிட வேலை, ஆனால் மறந்துவிடுகிறோம். தலைப்பெழுத்தைச் சேர்த்து வேகமாகச் சொல்லுங்கள். சு. மதி சுமதி ஆவாள், அதில் தவறில்லை. மூ. தேவி? அலரை நாங்கள் வைத்திருந்தால் ‘ம’ இனிஷியலோடு மலர் ஆகியிருப்பாள், ‘உ’ இனிஷியலோடு உலர் ஆகியிருப்பாள். அம்மாவின் முதல் எழுத்தையும் சேர்ப்பதாக இருந்தால் இரண்டையும் வைத்துச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: தொலைபேசியும் ஆங்கில எழுத்தும்

பெயரைக் கேள்விப்படாத ஒருவருக்குப் போனில் ஒரே ஒரு முறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று பேரிடம் செய்தோம். ‘ஞாழல்’ முதலில் நிழல் ஆனது, அடுத்து யாழல், மூன்றாமவர் ‘லைன் சரியில்ல’ என்று வைத்துவிட்டார். ‘அதிரல்’ மூவரிடமும் பிழைத்தது.

ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் வந்தால் ‘இசட்-எச்’ போடுவோம். தமிழ் தெரியாதவர் அதை ஜகரமாகவோ சகரமாகவோதான் வாசிப்பார். என் பெயரிலும் ஒரு ழ உண்டு. ஓர் அலுவலகத்தில் என்னை அழைத்த பெயர் எனக்கே புரியாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், முறை போய்விட்டது. ழ வேண்டாம் என்று இதற்காகச் சொல்லவில்லை. அது நம் எழுத்து, வையுங்கள். மகள் வேறு மொழி பேசும் ஊரில் வளரப்போகிறாள் என்றால் தினசரி விலை என்னவென்று தெரிந்து வையுங்கள், அவ்வளவுதான். ஞ, ற போன்றவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதை. தகரத்துக்கு ஒருவர் ‘டி-எச்’ போடுவார், இன்னொருவர் வெறும் ‘டி’ போடுவார். எதுவானாலும் ஒரே எழுத்துக்கூட்டலை இன்றே முடிவு செய்து, முதல் படிவத்திலிருந்து கடைசிப் படிவம் வரை அதையே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று போனால் பிற்பாடு அலைச்சல்.

நீளமும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 இடங்கள். அதில் பெயர் முழுவதற்கும், குடும்பப் பெயர், இடைவெளி எல்லாம் சேர்த்து, 39 இடங்கள்தான். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் எழுதும்போது ஊதும். அப்பாவின் முழுப்பெயரும் சேர்ந்தால் வால் வெட்டுப்படலாம்.

எட்டாம் படி: மதிப்பெண் போடுவது

இதுவரை வடிகட்டியதில் எங்களிடம் ஒன்பது பெயர்கள் மிஞ்சின. இங்கேதான் பழைய வழிக்குப் போய்விடுவோம், ஒருவரை ஒருவர் கரைக்கப் பார்ப்போம். கரைத்து வாங்கிய சம்மதம் பிள்ளை பிறந்த பிறகும் கசியும்.

ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல், ஒவ்வொரு பெயருக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டோம். ஒரே நேரத்தில் திருப்பினோம். கூட்டக் கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். ஒரு பெயருக்கு நான் 10, அவர் 5. கூட்டினால் 15. இன்னொன்றுக்கு இருவருமே 7. கூட்டினால் 14. கூட்டல் கணக்கில் முதல் பெயர் ஜெயிக்கும், ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க ஐந்து மதிப்பெண் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அதனால் இரண்டில் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் எடுங்கள். முதல் பெயருக்கு 5, இரண்டாவதற்கு 7. இரண்டாவதுதான் மேலே. 6-க்குக் கீழே வந்தது எதுவாக இருந்தாலும் பேச்சே இல்லாமல் போய்விடும். என் பத்து மதிப்பெண் பெயர் போனபோது எனக்கு இரண்டு நாள் வருத்தம் இருந்தது. இருக்கட்டும், இருக்கும்.

எல்லாமே ஆறுக்குக் கீழே என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். பெயர்கள் தீரவில்லை, நீங்கள் தேடிய இடம்தான் தீர்ந்தது. அப்போதும் முட்டிக்கொண்டு நின்றால் ஒருவர் தனக்குச் சம்மதமான மூன்று பெயர்களைக் கொடுக்கட்டும், மற்றவர் அதில் ஒன்றை எடுக்கட்டும். மூன்றும் தனக்குப் பிடித்தவை என்பதால் கொடுத்தவருக்குத் தோல்வி இல்லை, கடைசி வார்த்தை தன்னுடையது என்பதால் எடுத்தவருக்கும் இல்லை.

சான்றிதழில் ஒருவர் விருப்பம், வீட்டில் கூப்பிட மற்றவர் விருப்பம் என்று பிரித்துக்கொள்வோரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எப்போதும் வீட்டுப் பெயர்தான் ஜெயிக்கும், சான்றிதழ்ப் பெயர் தேர்வுத்தாளில் எழுத மட்டும் மிஞ்சும்.

உறவினர்களைப் பற்றி

பட்டியலைக் காட்டாதீர்கள். ‘என்ன பேரு யோசிச்சிருக்கீங்க?’ என்றால் ‘இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கோம்’ என்று சொல்லிவிடுங்கள். பிறக்காத பிள்ளையின் பெயரை எல்லோரும் விமர்சிப்பார்கள், மடியில் கிடக்கும் பிள்ளையின் பெயரை அப்படிச் சொல்ல நாக்கு வராது. போன் சோதனைக்கும் அதனால்தான் சொந்தக்காரர்களை விட்டு நண்பர்களைப் பிடித்தோம், ‘தெரிந்தவர் வீட்டுக் குழந்தை’ என்று ஒரு பொய்யும் சொன்னோம்.

கடைசி வாரம்: புழங்கிப் பார்ப்பது

எங்களிடம் கடைசியாக இரண்டு பெயர்கள் நின்றன. இரண்டுக்கும் குறைந்த மதிப்பெண் 8. மூன்று நாள் ஒன்று, மூன்று நாள் இன்னொன்று என்று வயிற்றிலிருந்தவளைக் கூப்பிட்டோம். சும்மா கொஞ்சுவதோடு நிறுத்தாமல், மிரட்டியும் பாருங்கள். ‘இப்ப எழுந்திருக்கிறியா இல்லையா’ என்பதோடு சேர்த்துச் சொன்னால் பெயரின் உண்மையான எடை தெரியும். ஆறு நாள் கழிந்தும் எங்களுக்கு முடிவு வரவில்லை. இரண்டையும் ஒரு தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலோடு எழுதி மருத்துவமனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பிறந்த இரண்டாம் இரவு, மூன்று மணி இருக்கும். பிள்ளை அழ ஆரம்பித்தாள். நாற்காலியில் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, ‘ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல’ என்று சொல்லி ஒரு பெயரையும் சேர்த்துச் சொன்னார். காலையில் கேட்டால் அவருக்கு நினைவே இல்லை. நான் பையிலிருந்து தாளை எடுத்து, மற்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன்.